மீன் பிறக்கும் மாதம் எது?

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் ரோட்டில் இருக்கிறது பனவடலிசத்திரம். கரிசல் காடு, மானாவாரி வெள்ளாமை, மழை பெய்தால் குளம் பெருகும், பெய்யாவிட்டால் உடைமரம் மட்டும் பச்சையாக நிற்கும். கடலுக்கும் எங்கள் ஊருக்கும் இரண்டு மணி நேரப் பஸ் தூரத்துக்குக் குறையாது. ஆனாலும் தூத்துக்குடி மீன் வராத நாள் குறைவு. காலையில் ஐஸ் பெட்டியைப் பைக்கில் கட்டிக்கொண்டு வரும் வியாபாரியிடம் போன மே மாதம் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். விலை வழக்கத்தைவிடக் கூடுதல். ஏன் என்று கேட்டேன்.

“தடைக்காலம்லா அண்ணாச்சி. போட்டெல்லாம் கரையில கட்டிக் கெடக்கு. வள்ளத்து மீனுதான் வருது. மீனு சினையா இருக்கிற நேரம், புடிக்கக்கூடாதுன்னு உத்தரவு.”

“போன தையில வாங்குன மீன்லயும் சினை இருந்துச்சே தம்பி?”

அவர் செதில் சீவுவதை நிறுத்தவில்லை. “கடல்ல எந்த மாசம் பாத்தாலும் ஏதாவது ஒண்ணு சினையாத்தான அண்ணாச்சி இருக்கும்.”

அந்த ஒரு வரி எனக்குள் தங்கிவிட்டது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. 2001இல் 45 நாளாகத் தொடங்கிய தடை, 2017 முதல் 61 நாளாக நீண்டது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு வேறு கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்தின் இரண்டு கரைக்கு இரண்டு காலண்டர். இந்தக் காலண்டர்களுக்கு அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. நம் கடலில், குறிப்பாக மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளை ஒட்டி, எந்த மீன் எந்த மாதம் பிறக்கிறது? பிறந்தது எந்த மாதம் பாருக்கு, அதாவது பவளப்பாறைக்கு, வந்து சேர்கிறது? இதற்கு விடை தேடி எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வலை இழுத்திருக்கிறார்கள். அந்தத் தேடல் எதுவரை வந்திருக்கிறது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரை.

முதலில் தேடும் பொருளைத் தெரிந்துகொள்வோம். மீன்குஞ்சு என்றதும் குளத்தில் விடும் விரல்நீளக் குஞ்சு நமக்கு நினைவு வரும். செதிலும் துடுப்பும் முளைத்த அந்தக் குஞ்சு, ஆபத்தான கட்டத்தைத் தாண்டி வந்துவிட்ட மீன். அதற்கு முந்தைய நிலைதான் லார்வா. முட்டையிலிருந்து வெளிவரும்போது பெரும்பாலான கடல் மீன்கள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். வாய் திறந்திருக்காது, கண்ணில் நிறம் ஏறியிருக்காது, வயிற்றடியில் கரு உணவுப் பை தொங்கும். இரண்டு மூன்று நாளில் அந்தப் பை தீர்ந்துவிடும். அதற்குள் வாய் திறந்து, கண் தெரிந்து, தன் வாய்க்கு அடங்கும் இரையைப் பிடித்தாக வேண்டும். தவறினால் அவ்வளவுதான். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2010இல் கடல் விரால் குஞ்சுகளை இந்தியாவில் முதன்முறையாகப் பொரிப்பகத்தில் வளர்த்தெடுத்தபோதும் இந்த முதல் தீனி நாட்களைக் கடப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. தொட்டியிலேயே இப்படியென்றால் திறந்த கடலில் எப்படி இருக்கும்?

ஓர் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கிக்கு அடியில் ஒரு தட்டைப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிடைத்தது. பதப்படுத்திய ஒரு தேக்கரண்டி கடல்நீர். வெறும் கண்ணுக்கு நொய்க்கஞ்சி மாதிரி இருந்தது. லென்சில் கண் வைத்ததும் இறால் வகைப் பொடி உயிர்களுக்கு நடுவே நெத்திலி லார்வா ஒன்று நீளமாகக் கிடந்தது. வெள்ளை நூல் துண்டு போன்ற உடல், தலையில் இரண்டு கறுப்புக் கண், குடலோரம் வரிசையாகச் சின்னச் சின்னக் கரும்புள்ளி. பக்கத்தில் அதே போல இன்னொன்று. அது சாளை என்றார்கள். வித்தியாசம் எங்கே என்று கேட்டேன். முதுகுத் துடுப்புக்கு நேர் கீழேயே அடித்துடுப்பு தொடங்கினால் நெத்திலி, முதுகுத் துடுப்பு முடிந்து பின்தள்ளித் தொடங்கினால் சாளை. நான் பத்து நிமிடம் பார்த்தும் இரண்டு முறை மாற்றிச் சொன்னேன். களவா மீனின் லார்வாவைப் படத்தில் காட்டினார்கள். முதுகில் ஒன்றும் வயிற்றில் இரண்டுமாக, உடம்பு நீளத்துக்கு ஈட்டி முட்கள் நீட்டிக்கொண்டிருந்தன. வளர்ந்த களவாவுக்கும் அதற்கும் எந்தச் சாயலும் இல்லை. விலாங்கின் லார்வா கண்ணாடியில் வெட்டிய வேப்பிலை போலிருக்கும். ஆகவே இந்தத் துறையில் பாதி உழைப்பு, யார் பிள்ளை இது என்று கண்டுபிடிப்பதிலேயே போய்விடுகிறது.

இந்தப் பொடிசுகளை எண்ணுவதால் என்ன பயன் என்ற கேள்விக்கு நார்வேக்காரர் ஒருவர் நூறாண்டுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார். வட ஐரோப்பாவில் சில ஆண்டுகள் மீன் கொட்டியது, சில ஆண்டுகள் வலை வெறுமையாக வந்தது. மீன் இடம் மாறிப் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். அந்த நார்வேக்காரர், யோஹான் யோர்ட், செதில் வளையங்களைக் கொண்டு மீன்களின் வயதைக் கணக்கிட்டுப் பார்த்தார். 1904இல் பிறந்த ஹெர்ரிங் மீன்கள்தான் அடுத்து வந்த பல ஆண்டுகளுக்கு வலையில் பெரும்பங்காக இருந்தன. அந்த ஓர் ஆண்டின் பிள்ளைகள் நன்றாகப் பிழைத்திருக்கிறார்கள், முன்னும் பின்னும் பிறந்தவர்கள் அப்படிப் பிழைக்கவில்லை. முட்டை எத்தனை இடப்பட்டது என்பதைவிட, லார்வாவாக இருக்கும் அந்தச் சில வாரங்களில் எத்தனை தப்பித்தன என்பதே பிற்கால மீன்வளத்தைத் தீர்மானிக்கிறது என்று 1914இல் எழுதினார். பின்னாளில் டேவிட் குஷிங் இதைப் பருவத்தோடு இணைத்தார். இரை பெருகும் வாரமும் லார்வா வாய் திறக்கும் வாரமும் ஒத்துப்போனால் நல்ல ஆண்டு, தப்பினால் பஞ்சம். கரிசல்காட்டுக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விதைத்த வாரமும் மழை வாரமும் தப்பினால் என்ன ஆகும் என்று அவன் புரட்டாசி ஐப்பசிதோறும் பார்க்கிறான்.

இனி நம் கடலுக்கு வருவோம். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில், 21 தீவுகள் சங்கிலியாகக் கிடந்தன. மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என்று நான்கு கூட்டம். அவற்றில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் நீரில் மூழ்கிவிட்டன. தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை, அதை ஒட்டிக் கடற்புல் வெளி. 560 சதுர கிலோமீட்டர் பரப்பு 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 117 வகைப் பவளங்களை இங்கே பதிவு செய்திருக்கிறார்கள்.

இந்தக் கடலின் பருவம் இரண்டு காற்றின் கையில் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. கச்சான் அடிக்கும், கடல் கலங்கும், தெற்கே குமரி முனைப்பக்கம் ஆழத்துக் குளிர்நீர் மேலே வந்து, அதன் வளம் வளைகுடாவுக்குள்ளும் பரவும். அக்டோபருக்குப் பிறகு வாடை. அப்போது வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீர் பாக் நீரிணை வழியாக வளைகுடாவுக்குள் இறங்கி வருகிறது. நம் மாவட்டத்து மழைநீரும் அதோடு சேர்கிறது. சங்கரன்கோவில் வட்டாரத்து நிட்சேப நதி வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்தது. வைப்பாறு போய்ச் சேருமிடம் இந்த வளைகுடா. இரண்டு காற்றுக்கும் நடுவே மார்ச் முதல் மே வரை கடல் அசையாமல் காயும். பவளம் வெளுப்பது அப்போதுதான். ஒரு மீன் இந்த மூன்றில் எந்தக் கடலை நம்பி முட்டையிடுகிறது என்பதே பருவ ஆய்வின் மையக் கேள்வி.

இதை இங்கே முதலில் முறையாகக் கேட்டவர்கள் மண்டபத்துக்காரர்கள். அதற்கும் முன்பே எட்கர் தர்ஸ்டனும் ஜேம்ஸ் ஹார்னலும் இந்தக் கரையின் உயிர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். குருசடைத் தீவின் கரையோர உயிர்களைச் சென்னை அருங்காட்சியகம் 1927இல் தனி வெளியீடாகவே கொண்டுவந்தது. ஆனால் அவை எல்லாம் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல்கள். எப்போது இருக்கிறது என்று கேட்கத் தொடங்கியது சுதந்திரத்துக்குப் பிறகு. 1947 பிப்ரவரியில் சென்னையில் பிறந்த மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1949இல் மண்டபத்துக்குக் குடிவந்தது. கொச்சிக்கு அது மாறியது 1971இல். இடைப்பட்ட அந்த இருபத்து சொச்சம் ஆண்டுகள் இந்திய மீனறிவியலின் பொற்காலம் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

மீன்துறையில் இருந்த பி. ஐ. சாக்கோ குருசடைத் தீவைச் சுற்றிய மிதவை உயிர்களைப் பற்றி 1950இல் எழுதினார். ஆர். ரகு பிரசாத் மண்டபத்துக் கரையோரம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நீர் அள்ளி, வலை இழுத்து, 1954இல் ஒரு கட்டுரையும் 1958இல் இன்னொன்றும் வெளியிட்டார். பின்னதன் தலைப்பிலேயே ‘காலண்டர்’ என்ற சொல் இருக்கிறது. மாதவாரியாக எந்த மிதவை உயிர் எவ்வளவு என்று வரைந்த கடல் பஞ்சாங்கம் அது. 1955இல் எஸ். வி. பாபட் மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் மிதக்கும் மீன் முட்டைகளையும் லார்வாக்களையும் பற்றி ஒரு தொடக்க ஆய்வை வெளியிட்டார். நம் கேள்விக்கு நேரடியான முதல் பதில் முயற்சி அதுதான். பின்னால் வந்த பி. பென்சம், சாளை இனத்து முட்டைகளையும் லார்வாக்களையும் பொறுமையாக வரைந்து விவரித்தார். 1957 முதல் 1970 வரை நிறுவனத்தை நடத்திய எஸ். ஜோன்ஸுக்கும் சூரை முதலிய மீன்களின் இளம்பருவத்தில் ஆழ்ந்த ஈடுபாடு இருந்தது.

அந்தக் காலத்து உழைப்பைக் கொஞ்சம் மனக்கண்ணில் பார்க்க வேண்டும். முட்டையை நீரோடு ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து, பொரிக்கும்வரை கண்விழித்து, பொரித்ததை மணிக்கணக்கில் வரைந்து, அது சாகும் முன் எந்த இனம் என்று அடையாளம் காண முயன்றார்கள். கைவிளக்காக இருந்தவை ஜாவாக் கடலில் டச்சுக்காரர் டெல்ஸ்மன் எழுதிவைத்த முட்டை, லார்வா விவரங்கள். அடையாளம் தெரியாதவற்றை இன்ன வகை முட்டை என்று எண் போட்டு வைத்தார்கள். குறை அங்கேதான் இருக்கிறது. சாளை, நெத்திலி போன்ற கூட்டமீன்களின் அடையாளம் தெளிந்த அளவுக்கு, பாரில் வாழும் களவா, விளைமீன், கிளிமீன் வகைகளின் லார்வா தெளியவில்லை. எனவே பவளப்பாறையை ஒட்டி வலை இழுத்தாலும், பருவம் தெரிந்தது பெரும்பாலும் பாரைக் கடந்துபோகிற மீன்களுக்குத்தான், பாரில் குடியிருக்கும் மீன்களுக்கு இல்லை.

1960களில் சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தின்போது பல நாட்டுக் கப்பல்கள் இழுத்த வலைகளின் சரக்கு கொச்சியில் அமைந்த இந்தியப் பெருங்கடல் உயிரியல் மையத்துக்கு வந்து குவிந்தது. மீன் லார்வாக்களைத் தனியே பிரித்தார்கள். மகத்தான வேலை. ஆனால் கப்பல் ஆழக்கடலில் ஓடுகிற வண்டி. தீவைச் சுற்றிய இரண்டு பாக ஆழத்தில் அதற்கு வேலை இல்லை. அந்த ஆழத்துக்கு வள்ளம்தான் போகும். பிறகு பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும், 1977இல் தொடங்கிய தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியும் இந்தத் துறைக்குப் புதிய கைகளைத் தந்தன. பரங்கிப்பேட்டை வெள்ளாற்றுக் கழிமுகம் இந்தியாவில் மிக நன்றாகப் படிக்கப்பட்ட மீன் லார்வா இடங்களில் ஒன்று ஆனது. கழிமுகத்துக்குக் கிடைத்த அந்தப் பேறு பவளப்பாறைக்குக் கிடைக்கவில்லை.

இங்கே முறையியல் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. வாசகர் அலுத்துக்கொள்ள வேண்டாம், சச்சரவெல்லாம் இதில்தான். கூம்பு வடிவ மெல்லிய கண்ணி வலையைப் படகின் பின்னால் பத்து நிமிடம் இழுப்பது பழைய முறை. வலை வாயில் ஒரு சுழலி மாட்டியிருக்கும். எவ்வளவு நீர் உள்ளே போனது என்று அது காட்டும். அதைக்கொண்டு நூறு கன மீட்டர் நீருக்கு இத்தனை லார்வா என்று கணக்கு. ஆனால் பாரை நெருங்கிவரும் வயதில் லார்வாவுக்கு நல்ல கண்ணும் வாலும் முளைத்துவிடும். பகலில் வலை வருவதைப் பார்த்து விலகிவிடும். பாரின் மேலேயே வலை இழுக்கவும் முடியாது, கிழியும். ஆகவே ஆஸ்திரேலியாவின் பீட்டர் டோஹர்ட்டி 1980களில் விளக்குப் பொறியைக் கொண்டுவந்தார். இருட்டில் ஒரு பெட்டிக்குள் விளக்கெரியும், வெளிச்சத்தைத் தேடி வரும் லார்வா உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். வலையில் சின்னப் பிள்ளைகளும், விளக்கில் வளர்ந்த பிள்ளைகளும் வரும். வெளிச்சத்துக்கு வராத இனம் இரண்டிலும் தப்பும். ஒருவர் வலையில் கண்ட பருவமும் இன்னொருவர் விளக்கில் கண்ட பருவமும் முரண்பட்டால் இருவரும் சரியாகவே இருக்கலாம். ஒன்று பிறந்த மாதம், மற்றது வீடு வந்த மாதம்.

எத்தனை வகை லார்வா வருகிறது என்பதைக் குறிக்க ஆய்வாளர்கள் சொல்லும் ‘பன்முகம்’ என்ற சொல்லும் ஏமாற்றும். எங்கள் பக்கத்துச் சந்தையில் வெங்காயம் வந்து குவிகிற வாரம் மூட்டை எண்ணிக்கை ஏறும், சரக்கு வகை ஏறாது. நெத்திலி முட்டையிட்ட வாரத்தில் வலையில் லார்வா ஆயிரக்கணக்கில் வரும், ஆனால் பன்முகக் குறியீடு சரிந்துவிடும். எல்லாமே நெத்திலி. எண்ணிக்கை குறைந்த ஒரு மாதத்தில் பத்து பன்னிரண்டு குடும்பத்துப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்தால் குறியீடு உச்சத்தில் நிற்கும். இதைக் கவனிக்காமல் ‘இன்ன மாதம் பன்முகம் அதிகம், ஆகவே வளம் அதிகம்’ என்று எழுதுவது தவறு. குடும்ப அளவில் எண்ணுவதா இன அளவில் எண்ணுவதா என்பதும் எண்ணைத் தலைகீழாக்கும். இப்போது மரபணு வரிசையைக் கொண்டு, முட்டையைக்கூட இனம் சொல்லும் வழி வந்திருக்கிறது. பாபட்டும் மற்றவர்களும் எண் போட்டு வைத்த அநாமதேய முட்டைகளுக்கு இன்று பெயர் வைக்க முடியும் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

பவளப்பாறை மீன்களின் இளம்பருவம் பற்றி உலகம் கற்றதில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவிலிருந்து வந்தது. பாரில் பிறந்த லார்வா நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டு எங்கோ போய்விடும், நம் பாருக்கு வருவது யாருடைய பிள்ளையோ என்றுதான் நீண்ட காலம் நினைத்தார்கள். ஜெஃப்ரி ஜோன்ஸ் குழுவினர் ஒரு சின்னப் பார்மீனின் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருமுட்டைகளில், எலும்பில் ஒளிரும் ஒரு மருந்தை ஏற்றிக் குறி வைத்தார்கள். பிறகு தீவுக்கு வந்து சேர்ந்த ஐயாயிரம் குஞ்சுகளைச் சோதித்தார்கள். குறியோடு இருந்தவை 15. கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் குறி வைத்தது அந்தத் தீவு முட்டைகளில் நூற்றுக்கு இரண்டைக்கூடத் தாண்டாது என்பதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், வந்தவற்றில் 15 முதல் 60 சதவீதம்வரை சொந்த ஊர்ப் பிள்ளைகளாக இருக்கலாம் என்று ஆனது. 1999இல் இது வெளிவந்தபோது துறையே திரும்பிப் பார்த்தது. 2007இல் பப்புவா நியூகினியில் கிளென் அல்மனி குழு கோமாளிமீனிலும் ஒரு வண்ணத்துப்பூச்சி மீனிலும் ஏறத்தாழ 60 சதவீதம் பிறந்த பாருக்கே திரும்பியதைக் காட்டியது.

எப்படித் திரும்புகின்றன? பாருக்குச் சத்தம் உண்டு. இறால் சொடுக்கும், மீன் முனகும். அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டபோது, சத்தம் கேட்ட செயற்கைப் பாருக்கு அதிகக் குஞ்சுகள் வந்தன என்று ஸ்டீஃபன் சிம்சன் 2005இல் எழுதினார். வாசனையும் வழிகாட்டும் என்றார்கள். கடல் அமிலமானால் அந்த மோப்பம் கெட்டுவிடும் என்று 2009இல் ஒரு பெரிய அதிர்ச்சி முடிவு வந்தது. 2020இல் வேறொரு குழு அதே சோதனைகளைப் பெரிய அளவில் செய்துபார்த்து அப்படி ஒன்றும் தெரியவில்லை என்றது. சர்ச்சை முடியவில்லை. ஒரு ஆய்வை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இந்தத் துறையில் கிடையாது.

லார்வாவின் வயதைச் சொல்லும் சாட்சி நம் அடுக்களையிலேயே இருக்கிறது. கத்தாளை மீன் தலையைக் குழம்பில் போட்டால், கடைசியில் தட்டில் இரண்டு வெள்ளைக் கல் மிஞ்சும். சிறுவயதில் அதைக் கழுவிச் சேர்த்து வைத்திருக்கிறேன். செவிக்கல் அது. எல்லா எலும்பு மீன்களுக்கும் உண்டு, கத்தாளைக்குப் பெரிது. இளம் மீனின் செவிக்கல்லில் நாளுக்கொரு வளையம் விழுகிறது என்று 1971இல் பனெல்லா கண்டுபிடித்தார். பாருக்கு வந்திறங்கிய நாளில் ஒரு தடித்த கோடு விழும். மணலைவிடச் சிறிய கல்லைத் தேய்த்து வளையங்களை எண்ணினால், இந்தக் குஞ்சு இத்தனை நாள் கடலில் மிதந்தது, இன்ன தேதியில் பிறந்தது என்று பின்னோக்கிச் சொல்லலாம். கோமாளிமீன் பத்து நாள் போல மிதக்கும், களவா ஒரு மாதத்துக்கு மேல். அதனால்தான் மாதிரியை ஃபார்மலினில் போடாமல் சாராயத்தில் போட வேண்டும், ஃபார்மலின் புளித்தால் கல்லைக் கரைத்துவிடும். பழைய ஜாடிகளில் உள்ள பல லார்வாக்களுக்கு இந்தக் கேள்வியை இனிக் கேட்கவே முடியாது.

இவற்றையெல்லாம் சேர்த்து வைத்து மன்னார் வளைகுடாவின் ஆண்டைப் பார்த்தால் எனக்குத் தெரியும் சித்திரம் இது. வெப்பக்கடல் மீன் குளிர்நாட்டு மீன் போல ஒரு மாதத்தில் முட்டையிட்டு முடிப்பதில்லை. பலமுறை, தவணை தவணையாக, பல இனங்கள் அமாவாசை பௌர்ணமியை ஒட்டி இடுகின்றன. பசிபிக் தீவான பலாவில் வயதான மீனவர்களிடம் உட்கார்ந்து கேட்ட ராபர்ட் ஜோஹான்ஸ் 1978இலேயே இதைத் தொகுத்துக் காட்டினார். எந்த நிலவில், எந்தப் பாரின் எந்த முனையில் எந்த மீன் கூடும் என்று அவர்கள் சொன்ன செய்திகளை விஞ்ஞானம் பின்னால் போய்ச் சரிபார்த்தது. காற்று ஓயும் இடைக்காலங்களில் முட்டை கூடுதல், புயல்காற்றில் குறைவு என்பதும் வெப்பக்கடலுக்குப் பொதுவாகப் பொருந்தும். ஒரே மாதத்தில் எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்பதைத்தான் எங்கள் ஊர் மீன்காரர் ஒரே வரியில் சொன்னார்.

அந்த ஆண்டுச் சக்கரத்தில் இப்போது இரண்டு இடத்தில் அடி விழுகிறது. ஒன்று, கோடை. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்கே பவளம் பெரிய அளவில் வெளுத்தது. 2016இல் மட்டும் சுமார் 16 சதவீதப் பவளம் இறந்ததாகத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் பதிவு செய்தார்கள். 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது. நீர் சூடானால் லார்வா வேகமாக வளரும், வேகமாகப் பசிக்கும், இரை கிடைக்காவிட்டால் வேகமாகச் சாகும். தப்பி வந்தாலும் வந்திறங்க உயிருள்ள பவளக் கிளை வேண்டுமே. மற்றொன்று, கச்சான் ஓயும் நேரம். 2019 செப்டம்பரில் மண்டபம் பக்கம் கடல் பச்சையாக மாறியது. மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் அந்த நுண்ணுயிர்ப் பெருக்கம் நீரில் ஆக்சிஜனை உறிஞ்சியதால், மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின, பவளமும் மூச்சுமுட்டி இறந்தது. பெரிய மீனே தப்பவில்லை. அதே வாரம் அந்த நீரில் மிதந்த லார்வாக்களின் கதி என்ன ஆகியிருக்கும்? அவற்றின் உடல் கரை ஒதுங்குவதில்லை, யார் கண்ணிலும் படுவதில்லை.

தடைக்காலம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு மாதம் இழுவலை தரையைச் சுரண்டாமல் இருப்பதே பெரிய நன்மை, எல்லா மீனுக்கும். கூலி இழந்து கரையில் உட்காரும் தொழிலாளி அதற்கு விலை கொடுக்கிறான். அந்த விலைக்குச் சரியான பலன் கிடைக்கிறதா என்பதுதான் என் ஆதங்கம். ஒரே தேதிக்கட்டு எல்லா இனத்துக்கும் பொருந்தாது. ஜூன் 15 விடியலில் ஆயிரக்கணக்கான படகுகள் ஒரே நேரத்தில் போகும்போது, மேயில் பிறந்த பிள்ளை இன்னும் விரல் நீளம் வளர்ந்திருக்காது. பொடிமீன் தீவனத்துக்கும் கருவாட்டுக்கும் போகிறது. எங்கள் ஊர்க் கடையில் நெத்திலிக் கருவாட்டைச் சுளகில் பரப்பிப் பார்த்தால், அரை விரல் நீளத்தில் பாரை மீன் குஞ்சும் ஊளிக் குஞ்சும் காரப்பொடியோடு கலந்து கிடக்கும். கண்ணி அளவை ஒழுங்காக நடைமுறைப்படுத்துவதும், தீவுகளைச் சுற்றிய கடற்புல்லை இழுவலையிடமிருந்து காப்பதும், தேதியை விடப் பெரிய காப்பு என்று நினைக்கிறேன். சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டியதை நிறுத்த முடிந்தது. தூத்துக்குடிக்கு எதிரே கரைந்துகொண்டிருந்த வான்தீவைச் சுற்றி 2015 முதல் செயற்கைப் பாறைகளைப் போட முடிந்தது. இதையும் செய்ய முடியும்.

லார்வாவுக்கு எல்லைக்கோடும் கிடையாது. மன்னார் வளைகுடாவில் இந்தியாவும் இலங்கையும் 1976இல் கோடு பிரித்துக்கொண்டன. எதிர்க்கரையில் கற்பிட்டியை ஒட்டிய பார் 1998 வெளுப்பில் கடுமையாக அழிந்தது. அங்கே பிறப்பது இங்கே வருகிறதா, இங்கே பிறப்பது அங்கே போகிறதா, எந்தக் காற்றில் எந்தத் திசை? கச்சானும் வாடையும் நீரோட்டத்தைத் திருப்பிப் போடும் கடலில் இந்தக் கேள்விக்கு ஆண்டுக்கு இரண்டு விடை இருக்கும். இரு கரை ஆய்வாளர்களும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்வி.

கலிபோர்னியாவில் சாளை வகை மீன் இல்லாமல் போனபோது, 1949இல் அங்கே கடலில் குறித்த இடங்களில் தவறாமல் லார்வா வலை இழுக்கத் தொடங்கினார்கள். இன்றுவரை நிறுத்தவில்லை. அதே காலத்தில்தான் நம் மண்டபத்திலும் பிரசாத் வலை இழுத்துக் கடல் காலண்டர் வரைந்தார். நாம் பின்தங்கித் தொடங்கவில்லை, தொடராமல் விட்டோம். இங்கே நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரு பட்டப்படிப்பு, ஒரு திட்டநிதி நீளத்துக்கு, ஓராண்டு ஈராண்டு ஓடி நின்றவை. ஒரு ஆண்டு மழையை வைத்து எந்தச் சம்சாரியும் பருவம் சொல்ல மாட்டான். குருசடைத் தீவிலோ காரைச்சல்லித் தீவிலோ ஒரே இடம், அமாவாசைக்கு ஒன்று பௌர்ணமிக்கு ஒன்று என்று இரண்டு இரவு, ஒரு வள்ளம், ஒரு வலை, ஒரு விளக்குப் பொறி, சாராய ஜாடி. இதை முப்பது ஆண்டு விடாமல் செய்ய ஆகும் செலவு, ஒரு ஆய்வுக் கப்பல் சில நாட்களில் குடிக்கும் டீசலுக்கு மேல் இராது. பக்கத்து ஊர் மீனவரையே அதற்குச் சம்பளத்துக்கு வைக்கலாம். எந்த நீவாட்டில், அதாவது நீரோட்டத்தில், எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மே மாதத்துக்குப் பிறகு நானும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். மீன் நறுக்கும்போது சினை இருந்தால், அடுக்களைச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் மீன் பெயரை எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறேன். ஆடித்தபசுக்கு முந்தைய வாரம் நகரை. ஐப்பசி அடைமழையில் சாளை. பெட்டியைத் திறந்ததும் மீன்காரர் இப்போது அவராகவே சொல்லிவிடுகிறார்: “இன்னைக்கு இது எழுதணும் அண்ணாச்சி.”